52 வயதில் விருப்ப ஓய்வு: யூ.பி.எஸ். பணம் எப்போது வரும்?

வணக்கம் சார். 2004-ல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, போன ஆண்டு யூ.பி.எஸ்.ஸுக்கு (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) மாறிவிட்டீர்கள். 2029-ல் 25 ஆண்டு முடிந்ததும் விருப்ப ஓய்வு வாங்கினால் மறுமாதமே பாதிச் சம்பளம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வராது. 25 ஆண்டு முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்பது சரிதான். ஆனால் முன்கூட்டியே விலகினால், நீங்கள் வழக்கமாக ஓய்வுபெற வேண்டிய நாளில்தான் அந்தத் தொகை தொடங்கும். சராசரி 60,000 என்றால் மாதம் 30,000 உறுதி, ஆனால் 60 வயதில். அகவிலை நிவாரணமும் அதன் பிறகுதான். நடுவில் எட்டு வருடம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி?

பழைய ஓய்வூதியத்தில் 20 ஆண்டு முடித்து வெளியே வந்தாலே உடனே பென்ஷன். சங்கங்கள் இன்னும் அதைக் கேட்டுப் போராடுவதில் நியாயம் இருக்கிறது என்பேன். சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டு, பணத்தையும் காத்திருக்க வைப்பது என்ன கணக்கோ!

உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. விருப்ப ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பு வரை, ஒரே ஒரு முறை, நீங்கள் முன்பு இருந்த என்.பி.எஸ்.ஸுக்கு (தேசிய ஓய்வூதியத் திட்டம்) திரும்பலாம். அங்கே விலகும்போதே 60 விழுக்காடு வரை மொத்தமாக எடுக்கலாம், மீதிக்கு ஆனுவிட்டி, அதாவது காப்பீட்டு நிறுவனம் மாதாமாதம் தரும் ஓய்வூதியம். ஆனால் அந்த 30,000 உத்தரவாதம் போய்விடும், உங்களுக்குப் பின் மனைவிக்கு வரும் 60 விழுக்காடும் சேர்ந்தே போகும்.

வேறு வருமானம் இல்லையென்றால் நான் ஓய்வைத் தள்ளிப்போடுவேன். எதற்கும் விண்ணப்பம் கொடுக்கும் முன் ப்ரான் (உங்கள் ஓய்வூதியக் கணக்கு எண்) கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு, உங்கள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் அதிகாரியான டி.டி.ஓ.வைப் பாருங்கள்.