கணக்கு நோட்டும் நைலான் கயிறும்

கேள்வி: மேற்குத் தாம்பரத்தில் குடியிருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தெரு வாட்ஸ்அப் குழுவில் பணம் வசூலித்து, என் வீட்டு மாடியிலேயே நான்கு நாள் சமைத்து எல்லா வீட்டுக்கும் சாப்பாடு கொடுத்தோம். நான்தான் முன்னால் நின்றேன். தண்ணீர் வடிந்த மறுவாரம், "வரவு செலவு போடலாமே" என்று ஒருவர் குழுவில் கேட்டார். நான்கு பேர் அதற்குக் கட்டைவிரல் வேறு போட்டார்கள். அன்றே குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். மீதி 3,400 ரூபாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது மழைக்காலம் நெருங்குகிறது. "அக்கா, நீங்க வந்தாதான் ஆகும்" என்று கூப்பிடுகிறார்கள். "வரி கட்டுறோம்ல, அரசாங்கம் பாத்துக்கட்டும்" என்கிறார் என் கணவர். போகலாமா?
- பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்: போங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த 3,400 ரூபாய் விஷயத்தை முடித்துவிடுங்கள்.

நான்கு நாள் அடுப்படியில் வெந்தவரிடம், பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டவர் கணக்கு கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். கேட்ட நேரம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். கேட்டது தப்பில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. ஊர்ப்பணம் நம் சொந்தப் பணத்தோடு ஒரே ஜிபே கணக்கில் கலந்து கிடந்தால், நாலாம் நாள் நமக்கே எது எவருடையது என்று தெரியாது. ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். ரசீது இல்லாததற்கு 'ரசீது இல்லை' என்றே எழுதுங்கள். இனிமேல் பணம் ஒருவர் கையில், நோட்டு இன்னொருவர் கையில். தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால், கேட்க யாருக்கும் வேலையே இருக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒன்று. "எல்லா வீட்டுக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்த வீடு? வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற வீடுகளா?

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. 2015 வெள்ளத்தில் நாங்கள் செய்த தப்பு இது. மூன்று நாள் பொட்டலம் கட்டினோம், மிஞ்சியதைப் பக்கத்துத் தெருவுக்கும் அனுப்பினோம். நாலாம் நாள்தான், எங்கள் தெருமுனையில் பாதி கட்டி நின்ற கட்டடத்தின் முதல் மாடியில் எட்டுப் பேர் இருப்பதைப் பார்த்தோம். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன்கள். விறகெல்லாம் நனைந்துவிட்டதால் அரிசியை ஊறவைத்து அப்படியே தின்றிருந்தார்கள். எங்கள் வாசலிலிருந்து நூறடி தூரம்தான். அவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை. அதே வாசலில் யார் யாரோ கொண்டுவந்து போட்ட பழைய துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது, அதில் ஜரிகை கருத்த ஒரு பட்டுப் புடவையும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவளுக்குப் பட்டுப் புடவை! வந்தவர்கள் கேட்டதோ நாப்கின், தீப்பெட்டி, கொசுவத்தி, போனுக்குச் சார்ஜ்.

அதனால் இந்த முறை சமையலுக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். செல்போன் டவர் போனால் வாட்ஸ்அப் பட்டியல் எதற்கும் ஆகாது, காகிதம்தான் நிற்கும். மழை தொடங்குவதற்குள் வீடு வீடாகப் போய் எழுதுங்கள். கீழ்த்தளத்து வாடகைக்காரர்கள், வாட்ச்மேன் குடும்பம், கட்டட வேலைக்காரர்கள் எல்லாரும் அதில் வர வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர் யார், கர்ப்பிணி யார், அவருக்கு எந்த மாதம், யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இன்சுலின். டயாலிசிஸ் செய்பவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போயே ஆக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே அவருடைய மையத்துக்குப் போன் போட்டு, முறையை முன்கூட்டியே வைக்க முடியுமா என்று கேளுங்கள், தண்ணீர் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை. கரண்ட் போனால் இன்சுலினை எங்கே வைப்பது என்று தவிப்பார்கள். ஈர மணலுக்குள் பதித்த மண்சட்டியில், பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். நோட்டின் முதல் பக்கத்தில் 1077, 1070 இரண்டையும் பெரிதாக எழுதுங்கள். முதலாவது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, அடுத்தது மாநிலம்.

அப்புறம், உங்கள் கணவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மழைநீர் வடிகாலைத் தூர்வாருவதும், ஏரித் தண்ணீரை எப்போது எவ்வளவு திறப்பது என்று முடிவெடுப்பதும் தெருக்காரர்கள் வேலை இல்லை. ஆனால் 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் உங்கள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அப்படி ஒரு நாளில் எந்த அரசாங்கத்தின் படகும் எல்லாத் தெருவுக்கும் வந்துவிடாது. அன்று மீனவர்கள்தான் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். 2023 டிசம்பரில் தென்மாவட்ட வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள்தான் கையிலிருந்த அரிசியைப் போட்டு அவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் அப்போது வெள்ளம்தான்.

அதற்காக அரசாங்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கேள்வி கேட்கிற வேலையை உங்கள் கணவரிடமே கொடுங்கள், பிடித்துச் செய்வார் என்று தோன்றுகிறது. அடைத்துக் கிடக்கும் வடிகாலைத் தேதியோடு போட்டோ எடுத்து, மனு எழுதி, வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வரட்டும். நோட்டில் இருக்கிற பெயர்களெல்லாம் அந்த மனுவில் கையெழுத்தாக வந்தால் இன்னும் நல்லது.

"நீங்க வந்தாதான் ஆகும்" என்பதில் மட்டும் மயங்கிவிடாதீர்கள். அது பாராட்டு மாதிரி தெரியும், மொத்தப் பாரமும் உங்கள் தலையில் வந்து உட்காரும். நான்கு பேர் முறை போட்டு நின்றால் வருகிறேன் என்று சொல்லுங்கள். அடுப்பும் உங்கள் வீட்டு மாடியில் வேண்டாம். கணக்கு கேட்டாரே, அவர் வீட்டு மாடி காலியாகத்தானே இருக்கிறது? கணக்கு நோட்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மீதிப் பணத்தை என்ன செய்யலாம் என்று குழுவில் கேளுங்கள். என்னைக் கேட்டால், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எட்டுகிற நைலான் கயிறு ஒன்று, நல்ல டார்ச் இரண்டு. மிச்சம் இருந்தால் தீப்பெட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு.