கேள்வி பதில்: சினைக் கழுதையும் குதிரைக் குட்டியும்

கேள்வி: வணக்கம் டொக்டர். மன்னார் ரோட்டில வாகனம் தட்டிக் கிடந்த ஒரு பெண் கழுதையைக் கொண்டு வந்து எங்கட மாட்டுக் கொட்டிலில வச்சிருக்கிறம். காயம் ஆறீட்டுது, ஆனா எலும்பும் தோலுமா நிக்குது, வயிறு மட்டும் பெரிசு. குட்டி இருக்கெண்டு மிருக வைத்தியர் சொன்னவர். தவிடும் புண்ணாக்கும் நிறைய வச்சு உடம்பைத் தேத்தச் சொல்லி அம்மா நிக்கிறா. என்ன குடுக்கலாம், எப்ப குட்டி போடும்?
– வாசகி, முருங்கன்

பதில்: தங்கச்சி, முதல் வேலையா அந்தத் தவிட்டு வாளியைத் தள்ளி வையுங்கோ. அம்மா பாசத்திலதான் சொல்லுறா, ஆனா கன நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள்ள மாச்சத்துக் கூடின சாப்பாடு ஒரேயடியாப் போனா ரத்தத்தில இருக்கிற பொஸ்பரஸும் பொட்டாசியமும் மளமளவெண்டு இறங்கி நெஞ்சே நிண்டு போகலாம், குதிரைக்கும் அப்பிடித்தான் கழுதைக்கும் அப்பிடித்தான். முதல் பத்து நாளும் புல்லுத்தான் சாப்பாடு. அறுகம்புல்லு, காய்ஞ்ச புல்லு எண்டு கொஞ்சங் கொஞ்சமா நாளைக்கு ஆறு தரம் போடுங்கோ. தனி வைக்கோலில சத்துக் காணாது, புல்லோட கலந்து போடலாம். மருந்தடிச்ச வயல் வரம்புப் புல்லு வேண்டவே வேண்டாம். பிறகு தவிட்டை ஒரு பிடி, ரெண்டு பிடி எண்டு கூட்டுங்கோ, கடைசி மூண்டு மாசத்திலதான் வயித்துக்குள்ள குட்டி கூட வளரும், அப்ப தாய்க்கும் கூடத் தேவைப்படும். கோழித்தீனை மட்டும் வாய்க்குக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. சில கோழித்தீனில மொனென்சின் எண்ட மருந்து கலந்திருக்கும், கோழிக்கு ஒண்டும் செய்யாது, குதிரை கழுதையின்ர இதயத்தைப் பழுதாக்கிப் போடும்.

இன்னொண்டு. சினைக் கழுதை சாப்பாட்டை விட்டிட்டு தலையைத் தொங்கப் போட்டு நிண்டா “கழுதை அடம் பிடிக்குது” எண்டு விட்டிடாதேங்கோ, அண்டைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கோ. சாப்பிடாத கழுதையின்ர உடம்பு தன்ர கொழுப்பை எடுத்து ரத்தத்தில கொட்டும், பிறகு ஈரலும் சிறுநீரகமும் அடிபட்டுப் போகும். கொழுத்த கழுதைக்குத்தான் இது கூட வரும், ஆனா சினையா இருந்தா மெலிஞ்சதுக்கும் வரும். இடம் மாறின பயம், கூட நிண்ட கழுதையைப் பிரிஞ்ச கவலை கூடக் காணும் இது தொடங்க, அதால ஒரு துணை, ஆடெண்டாலும் பரவாயில்லை, பக்கத்தில நிக்கட்டும்.

நாள் கணக்குச் சொல்லேலாது. குதிரைக்கு 11 மாசம், கழுதைக்கு 12 மாசமளவில, சிலது 14 மாசம் வரைக்கும் இழுக்கும், உங்கடது எப்ப சினைப்பட்டதெண்டு ஆருக்கும் தெரியாதே. மடியைப் பாருங்கோ. ஈனுறதுக்கு ரெண்டு நாலு கிழமைக்கு முன்னம் மடி நிறையத் தொடங்கும், காம்பு நுனியில மஞ்சளா மெழுகு மாதிரி கட்டினா அநேகமா ஓரிரு நாளில போடும். அந்த நேரம் கயித்தை அவிட்டு விடுங்கோ, கட்டின நிலையில ஈன விடக் கூடாது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டதோ எண்டும் வைத்தியரிட்டக் கேளுங்கோ, குட்டி போட ஒரு மாசத்துக்கு முன்னம் போட்டா குட்டிக்கும் பாலால பாதுகாப்புக் கிடைக்கும். மாரி வர முன்னம் கொட்டில் கூரைக்குப் படங்கைப் போடுங்கோ, கழுதையின்ர மயிர் குதிரை மயிர் மாதிரி மழையைத் தாங்காது.

கேள்வி: நுவரெலியாவில சவாரிக்கு ஓட்டிப்போட்டு கைவிட்ட ஒரு பெண் குதிரையை மாமா வவுனியாவுக்குக் கொண்டு வந்தவர். இப்ப நிறைமாசம். மாட்டுக்குக் கயிறு போட்டு இழுக்கிற மாதிரி இதுக்கும் இழுக்கலாமோ?
– வாசகர், நெளுக்குளம்

பதில்: அவசரப்பட்டு இழுக்காதேங்கோ தம்பி. குதிரை அநேகமா ராவிலதான் ஈனும், ஆக்கள் சுத்தி நிண்டா பிந்தப் பார்க்கும், அதால தூர இருந்து டோச்சைப் பொத்திப் பிடிச்சுப் பாருங்கோ. பன்னீர்க்குடம் உடைஞ்சா இருபது முப்பது நிமிசத்துக்குள்ள குட்டி வெளியில வந்திடவேணும். வெள்ளைப் பைக்குள்ள ரெண்டு முன்னங்கால், ஒண்டு கொஞ்சம் முன்னால, குளம்பின்ர அடி நிலத்தைப் பார்த்தபடி, அதுக்கு மேல மூக்கு, இது சரியான வரத்து. ஒரு கால் மட்டும் வந்தாலோ, அடி மேல பார்த்தாலோ உடன போன் எடுங்கோ.

வெள்ளைப் பைக்குப் பதிலா சிவப்பு வெல்வெட் துணி மாதிரி ஒண்டு முதல் வெளியில தெரிஞ்சா வைத்தியர் வரும் வரைக்கும் காவல் நிக்கேலாது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) முன்னமே கழண்டிட்டுது, குட்டிக்கு ஒக்சிசன் போகேல்லை எண்டு அர்த்தம். அந்தப் பையைக் கிழிச்சு, தாய் முக்கேக்க முக்கேக்க குட்டியை இழுத்தெடுக்கிறதுதான் ஒரே வழி. இழுக்கலாமோ எண்டு கேட்டியள், இழுக்க வேண்டிய நேரம் இதுதான்.

தொப்புள் கொடியை வெட்டாதேங்கோ, தாய் எழும்பேக்க தானா அறும். பிறகு பாமசியில வாங்கின குளோஹெக்சிடின் எண்ட கிருமி கொல்லி மருந்தைத் தண்ணியில மட்டாக் கலந்து தொப்புளில தோய்ச்சு விடுங்கோ. ஒரு மணித்தியாலத்தில குட்டி எழும்பி நிக்க வேணும், ரெண்டு மணித்தியாலத்தில பால் குடிக்க வேணும், மூண்டில இளங்கொடி விழவேணும். விழாட்டி கையால இழுக்காம, மிதிபடாமல் முடிச்சுப் போட்டிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கோ, உள்ளுக்க ஒரு துண்டு தங்கினாலே கருப்பை பழுதாகி தாயின்ர குளம்பு வரைக்கும் போயிடும். விழுந்த கொடியை நாய் இழுக்காமல் வாளியில போட்டு வையுங்கோ, முழுசா இருக்கோ எண்டு வைத்தியர் பார்க்க வேணும்.

கடும்புப் பால், அதுதான் ஈண்ட உடன சுரக்கிற முதல் பால், அந்த விசயத்தில கொஞ்சமும் அசட்டை வேண்டாம். மனுசப் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வயித்துக்குள்ளேயே வரும், குதிரைக் குட்டிக்கு அது வராது, எல்லாம் கடும்புப் பாலிலதான். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள்ள குடிச்சா நல்லா உறிஞ்சும், ஒரு நாள் போனா குடல் அதை உள்ள எடுக்காது. குட்டி மடிக்குக் கிட்ட நிண்டா குடிக்குதெண்டு நினைச்சிடுறம். நெத்தியைப் பாருங்கோ. நெத்தியில பால் காய்ஞ்சு ஒட்டியிருந்து, தாயின்ர மடியும் கல்லா இறுகியிருந்தா குட்டி குடிக்கேல்லை, பால் சும்மா தலையில வடியுது. அப்ப கறந்து சூப்பிப் போத்தலில குடுங்கோ.

கேள்வி: தாய் செத்துப் போன கழுதைக் குட்டிக்குப் பசுப்பால் குடுக்கலாமோ?
– வாசகி, மாங்குளம்

பதில்: பிறந்து ஒரு நாள் ஆகேல்லையெண்டா கடும்புக்கு வழி இருக்கோ எண்டு முதல் வைத்தியரிட்டக் கேளுங்கோ. பசுப்பாலை அப்பிடியே குடுக்காதேங்கோ, கழுதைப் பாலில கொழுப்புக் குறைவு, இனிப்புக் கூட. ஆடை எடுத்த பாலில லீட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் கலவுங்கோ, சீனி வேண்டாம், வயித்தாலடிக்கும். ஆட்டுப்பாலும் ஒத்து வரும். 20 கிலோ குட்டியெண்டா முதல் நாள் 2 லீட்டர், பிறகு மெல்ல மெல்ல 4 லீட்டருக்குக் கூட்டுங்கோ, ராவு பகலா ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. குட்டி நிண்டபடி குடிக்க வேணும். மடியில மல்லாக்கப் போட்டுப் பருக்கினா பால் சுவாசப் பைக்குள்ள போய் நிமோனியா வரும்.

ஆண் கழுதையைக் கிட்ட விடாதேங்கோ, குட்டியைக் கடிச்சுக் கொல்லுறதும் உண்டு. தெரு நாய்க்கும் ராவில கொட்டில் வாசலை நல்லா அடையுங்கோ.