ஒட்டானி, இச்சிரோ போன்ற ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரங்கள் எல்லாம் இருக்கும்போது ஹிடியோ நோமோவை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

எண்களை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்விதான். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, நோமோவுக்கு 123 வெற்றி, 109 தோல்வி. ஆனால் அவர் எதைப் பணயம் வைத்து அங்கே போனார் என்று பார்க்க வேண்டும்.

1964, 65-இல் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு ஆடிய மசனோரி முரகாமிக்கு அப்புறம் ஏறக்குறைய முப்பது வருடம் ஒரு ஜப்பானியர்கூட அங்கே ஆடவில்லை, ஏனென்றால் ஜப்பானில் அப்போது ஒரு அணியில் சேர்ந்துவிட்டால் அந்த அணியாக விட்டால்தான் வெளியே வர முடியும். நோமோவோ 1990-இல் கின்டெட்சு பஃபலோஸுக்கு வந்த முதல் வருடமே 287 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது) எடுத்த பிட்சர். அவரை யார் விடுவார்கள்? அவருடைய ஏஜென்ட் டான் நோமுரா விதிகளைத் துருவி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்: தானாக ஓய்வு பெற்றவர் ஜப்பானில் வேறு அணிக்குப் போகத்தான் தடை, வெளிநாட்டில் ஆடத் தடை இல்லை. அவ்வளவுதான், 26 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டு 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸில் சேர்ந்துவிட்டார். அங்கே சொதப்பியிருந்தால் ஊரில் வாழ்த்தி வரவேற்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த வருடமே 236 ஸ்ட்ரைக்அவுட்டோடு மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் முதலிடம், சிறந்த புதுமுக வீரர் விருது.

எனக்கு மிகவும் பிடித்தது 1996 செப்டம்பர் 17. கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, முதுகு பேட்டருக்குத் தெரியும்படி உடம்பைச் சுழற்றி எறிவதுதான் நோமோவின் 'டொர்னேடோ' பாணி, அவருடைய அடையாளமே அதுதான். அன்று டென்வரில் மழை, பிட்சர் நின்று எறியும் மேடு வழுக்குகிறது. ஆட்டத்தின் நடுவிலேயே அந்தச் சுழற்றலை ஓரம் வைத்துவிட்டு, சாதாரணமாக நின்று எறிய ஆரம்பித்தார். ஆட்டம் நடந்த கூர்ஸ் ஃபீல்ட் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 1,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி குறைவு, அடித்த பந்து பறக்கும், வளைய வேண்டிய பந்தோ சரியாக வளையாது, பிட்சர்கள் பயப்படும் மைதானம். அங்கே ஒன்பது இன்னிங்ஸிலும் ஒரு ஹிட்கூட, அதாவது பேட்டர் அடித்து பேஸை எட்டும் அடிகூடக் கொடுக்காமல் 9-0 என்று முடித்தார்! இதைத்தான் நோ-ஹிட்டர் என்பார்கள். 2001-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக இன்னொரு நோ-ஹிட்டரும் எறிந்தார்.

அப்புறம் தோளில் அறுவைச் சிகிச்சை, அணி மேல் அணி, கடைசியில் 2008-இல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு மூன்றே ஆட்டம். இதற்கிடையில் ஜப்பானில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள், ஆனால் போக நினைப்பவர்களை இனி மொத்தமாகத் தடுக்க முடியாது என்பதும் புரிந்துவிட்டது. 1998-இல் இரு நாட்டு லீகுகளும் சேர்ந்து போஸ்டிங் என்ற முறையை, அதாவது ஜப்பானிய அணி தன் வீரரைப் பணம் பெற்றுக்கொண்டு அமெரிக்க அணிக்கு விடும் வழியைக் கொண்டுவந்தன. நீங்கள் சொன்ன இச்சிரோவும் ஒட்டானியும் அந்த வழியில்தான் அமெரிக்கா போனார்கள்.