கால் எலும்பு இன்னும் சேரவில்லை: கிளினிக்கல் டிரயலில் சேர்க்க முடியுமா?

கேள்வி இதுதான்: கோத்தகிரிப் பக்கம் தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் சரிவில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கோவையில் ராடு போட்டு ஏழு மாதம் ஆகிறது. இன்னும் சேரவில்லை. புதுச் சிகிச்சைக்கான மருத்துவ ஆய்வு எதிலாவது அவரைச் சேர்க்க முடியுமா, எங்கே தேடுவது?

முடியலாம். ஆனால் எலும்பு முறிவு ஆய்வுகளில் பெரும்பாலானவை நாம் தேடிப் போய்ச் சேருபவை அல்ல. அடிபட்டு உள்ளே வந்த அன்றே மருத்துவமனையில் நம்மைத் தேடி வருபவை. ஹிப் அட்டாக் என்ற பெரிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தால் உயிரிழப்பு குறையுமா என்று பார்த்தார்கள். 17 நாடுகள், 69 மருத்துவமனைகள், 2,970 பேர். இந்தியாவும் அதில் உண்டு. ஒரு பிரிவில் பாதிப் பேருக்கு, முறிவு உறுதியான 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனது. வழக்கமான முறைப் பிரிவில் அதே கணக்கு 24 மணி நேரம். 2020இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: உயிரிழப்பு குறையவில்லை, ஆனால் சீக்கிரம் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மனக்குழப்பம் குறைந்தது, எழுந்து நடப்பதும் விரைவாக நடந்தது. இப்படிப்பட்ட ஆய்வில் மாதக்கணக்கு கடந்த பிறகு யாரும் நுழைய முடியாது.

எங்கள் அம்மாவை அப்படித்தான் கேட்டார்கள். குன்னூரில் வாசற்படியில் விழுந்தவரை 108இல் பர்லியார் வழியாக இறக்கி, சமவெளியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போதே இளம் டாக்டர் ஒருவர் ஃபைலோடு வந்தார். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள இரண்டு வகைக் கம்பிகளில் எது நல்லது என்று ஒப்பிடும் ஆய்வு. யாருக்கு எந்தக் கம்பி என்பதைக் குலுக்கல் போலத்தான் முடிவு செய்கிறார்கள், அதை அவரும் சொல்ல முடியாது, ஒட்டிய கவரைத் தியேட்டரில் பிரித்தால்தான் தெரியும் என்றார். அந்தக் கவரைப் பற்றித்தான் என் அண்ணனும் நானும் திரும்பத் திரும்பக் கேட்டோம். அவர் சலிக்காமல் பதில் சொன்னார். எது நல்லது என்று டாக்டர்களுக்கே உறுதியாகத் தெரியாத இடத்தில்தான் அப்படி ஒரு கவருக்கு நியாயம் உண்டு. அம்மாவே யோசித்து, “சரி, எழுதிக்கோங்க” என்றார்.

உங்கள் அண்ணனுக்குத் திறந்திருப்பது வேறு கதவு. சேராத எலும்புக்கான ஆய்வுகள். இதை டாக்டர்கள் ‘நான்யூனியன்’ என்பார்கள். பல ஆய்வுகளில் வைத்திருக்கும் கணக்கு, அடிபட்டு 9 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி 3 மாத எக்ஸ்ரேக்களில் முன்னேற்றம் தெரியாதிருக்க வேண்டும் என்பது. ஏழு மாதத்தில் அவரை ‘தாமதமாகச் சேரும் எலும்பு’ (டிலேய்டு யூனியன்) என்றுதான் எழுதுவார்கள். ஆகவே இப்போது தகுதியில்லை என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம்.

தேட வேண்டிய இடம் இந்திய கிளினிக்கல் டிரயல் பதிவேடு, சி.டி.ஆர்.ஐ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2007இல் தொடங்கிய பதிவேடு இது, எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் தேட வேண்டும். டிபியா (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு), ஃபிராக்சர் (முறிவு), நான்யூனியன், டிலேய்டு யூனியன் என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் முதலில் பார்க்க வேண்டியது, இந்தியாவில் ஆள் சேர்க்கும் நிலை. ‘ஓபன் டு ரெக்ரூட்மென்ட்’ என்று இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். அடுத்தது, ஆய்வு நடக்கும் ஊர்கள். அப்புறம் சேர்ப்பதற்கும் விலக்குவதற்கும் உள்ள நிபந்தனைகள்: வயது, சர்க்கரை, புகை, கிருமித் தொற்று, ஏற்கெனவே எத்தனை ஆபரேஷன் என்றெல்லாம் இருக்கும். பொதுமக்கள் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயரும் எண்ணும் அதே பக்கத்தில் உண்டு. முதுநிலை மாணவர் ஆய்வேடா என்பதும் குறித்திருக்கும். எலும்பு முறிவில் அப்படிப்பட்டவை நிறைய. அவை தரம் குறைந்தவை அல்ல, ஆனால் ஒரே மருத்துவமனையில் சிலரோடு நடந்து சீக்கிரம் முடிந்துவிடும். பக்கத்தில் பழைய நிலையே நிற்கக்கூடும் என்பதால் போன் செய்து உறுதிசெய்யாமல் மலை இறங்காதீர்கள்.

டிரயல் என்றால் புது மருந்து கிடைத்துவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோ, பொய்க் கருவியோ கிடைக்கலாம். அது நஷ்டம் என்றும் இல்லை. காலில் வைத்து எலும்பு சீக்கிரம் சேர உதவுவதாக விற்ற மெல்லிய அல்ட்ராசவுண்ட் கருவியை, டிபியா முறிந்து ஆபரேஷன் ஆன 501 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு நிஜக் கருவி, சிலருக்கு வேலை செய்யாத கருவி. 2016இல் வந்த முடிவு: இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அந்தக் கருவியை வாடகைக்கு எடுக்கச் சொல்லி உங்களிடமும் யாராவது வரலாம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

காசு விஷயத்தில் கறாராக இருங்கள். ‘ஸ்டெம் செல் டிரயல்’ என்று சொல்லி லட்சங்களில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குத் தவிர ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே தரலாம், அதற்குப் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வழக்கமான ஆபரேஷன் செலவு, படுக்கைக் கட்டணம் யாருடையது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். புது மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி, ஆய்வால் உடல் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. படிவத்தில் தொழில், வருட வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு பெறுபவரைக் குறிக்கத்தான் நாமினி. கையெழுத்திட்ட படிவத்தின் நகலை வாங்காமல் வராதீர்கள். எந்த நேரத்திலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, திரும்ப எத்தனை முறை இறங்க வேண்டும் என்பது. எலும்பு ஆய்வு என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் வரைகூட எக்ஸ்ரேயும் நடைப் பரிசோதனையும் தொடரும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டால் தேதி தப்பும். அம்மாவுக்கு அப்படி ஆனபோது, குன்னூரிலேயே எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அந்த ஏற்பாட்டை நாங்கள் சேரும்போதே பேசி வைத்திருந்தோம். நீங்களும் கேளுங்கள்: தேதிக்கு எத்தனை நாள் முன்பின் இடம் உண்டு, இங்கேயே எடுத்த எக்ஸ்ரே செல்லுமா, பஸ் செலவும் கூட வருபவரின் அன்றைய கூலியும் தருவார்களா? தோட்டத்தில் லீவு எடுத்துக் கூட வரப்போவது நீங்கள்தானே.

இதற்கெல்லாம் முன்னால், எலும்பு ஏன் சேரவில்லை என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். காலின் கீழ்ப்பகுதியில் சதையும் ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் அந்த எலும்பு இயல்பிலேயே மெதுவாகத்தான் சேரும். அதோடு பீடியும் சேர்ந்தால் இன்னும் தாமதம். சர்க்கரை, உள்ளே ஒளிந்திருக்கும் கிருமித் தொற்று, வைட்டமின் டி குறைவு, ராடில் தளர்வு என்று காரணம் தெரிந்தால் பல நேரம் அதற்கான வழக்கமான சிகிச்சையே போதும், டிரயல் தேவைப்படாது. நாட்டுக் கட்டு போட வேண்டும் என்று வீட்டில் யாராவது சொன்னால், உள்ளே ராடு இருக்கும்போது வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, ரத்தப் பரிசோதனைகள், அடிபட்ட நாள் முதல் எடுத்த எல்லா எக்ஸ்ரே ஃபிலிம்களையும் தேதி வரிசையில் கொண்டுபோங்கள். போனில் எடுத்த படம் போதாது. கடைசி இரண்டு எக்ஸ்ரேக்களுக்கு நடுவில் மாற்றம் உண்டா என்பதைப் பார்த்துத்தான் அண்ணனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.