டீச்சரம்மா பதில்கள்: ஏற்காட்டுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள்

கேள்வி: எங்கள் சபையில் விசைத்தறிக் கூலி வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஏற்காட்டில் நடக்கும் ஐந்து நாள் கிறிஸ்தவக் கோடை முகாமுக்கு அனுப்ப ஆசை. தலைக்கு 1,800 ரூபாய் கட்டணம். ஏப்ரல் முதல் ஞாயிறு ஆராதனையில் அறிவித்தோம். இரண்டு வாரத்தில் 3,400 ரூபாய்தான் சேர்ந்தது. மீதியை எப்படித் திரட்டுவது?
வாசகி, பவானி

பதில்: 21,600 ரூபாய் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் அம்மிணி. கட்டணம் வேறு, செலவு வேறு. இது எனக்குப் புரிய ஒரு பையன் அழ வேண்டியிருந்தது.

எங்கள் சபையின் முகாம் நிதிக்கு நான் பொருளாளர் ஆன முதல் வருஷம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் துணிக்கடைப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஈரோடு பஸ் நிலையத்துக்கு வந்து நின்றான். பைக்குள் ஒரு துண்டும் இரண்டு செட் பள்ளிச் சீருடையும். அவனிடம் கிழியாமல் இருந்த துணி அவ்வளவுதான். முகாமில் மற்ற பிள்ளைகள், "உனக்கு மட்டும் பள்ளிக்கூடம் லீவு விடவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் அவனும் சேர்ந்து சிரித்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லோரும் பாட்டு நிகழ்ச்சிக்குப் போன பிறகு, அறையிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கட்டணம் முழுதாகக் கட்டிய ரசீது என் கைப்பையில் பத்திரமாக இருந்தது.

மறு வருஷத்திலிருந்து 'பெட்டிச் செலவு' என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு கலர் உடுப்பு, செருப்பு, சோப்பு, பேஸ்ட், ஒரு பை. இப்போதைய விலைக்குத் தலைக்கு 700 ரூபாயாவது ஒதுக்குங்கள். ஸ்வெட்டருக்குக் காசு போட வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதை யார் போடுகிறார்கள்? சபையில் வீட்டுக்கு ஒன்று பீரோவில் தூங்கும், கேட்டு வாங்குங்கள். போர்வைக்கு, போர்வை நெய்யும் சென்னிமலையில் உறவுக்காரர் யாராவது இல்லாத சபை நம் பக்கத்தில் உண்டா? பஸ் செலவையும் மறக்காதீர்கள். சேலம் தாண்டி மேலே ஏற இருபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவிலேயே ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும், எலுமிச்சம்பழம் எடுத்துப் போங்கள்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு செலவு. தாய் தறிக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்தவள்தான். அவளை ஐந்து நாள் அனுப்பினால் தாய்க்கு ஐந்து நாள் கூலி போகும். இதைப் பணத்தால் தீர்க்கப் பார்க்காதீர்கள். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேர் முறை போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். காணிக்கைத் தட்டில் நூறு ரூபாய் போடத் தயங்கியவர்கள்தான் அவர்கள்.

இனிப் பணம். நீங்கள் கேட்ட முறையில் தப்பில்லை, கேட்ட மாதம்தான் தப்பு. ஏப்ரலில் நம் பக்கத்தில் யார் கையில் காசு இருக்கும்? ஜூனில் பள்ளிக் கட்டணம் என்று எல்லோரும் மடியை இறுக்கிக்கொள்ளும் நேரம் அது. பனியன் கம்பெனியிலும் தறியிலும் இருப்பவர்களிடம் தீபாவளி போனஸ் வந்த வாரம் கேளுங்கள். மஞ்சள் வெள்ளாமைக்காரர்களிடம் தை, மாசியில் மூட்டை மார்க்கெட்டுக்குப் போன பிறகு கேளுங்கள். விலை எப்படி என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள். விலை விழுந்த வாரம் போய் நின்றால் உங்களுக்குக் காபி கிடைக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட, சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை கைகொடுக்கும். ஒரு வருஷம் ஒரு நாட்டுக்கோழி. முதலில் எடுத்தவர் 600 ரூபாய் கொடுத்துவிட்டுக் கோழியைத் திருப்பி ஏலத்துக்கே விட்டார். அடுத்தவரும் அப்படியே. ஐந்து கை மாறி 4,700 ரூபாய் சேர்த்துக் கொடுத்த கோழி அது. கடைசியில் எடுத்தவருக்கும் அறுக்க மனம் வரவில்லை. பூசணிக்காய், வாழைத்தார், நாட்டுச் சர்க்கரைச் சிப்பம் எல்லாம் அன்றைக்குத் தங்கம்தான். அந்த ஏலத்தில் பாதியை முகாமுக்கு என்று கமிட்டியில் முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடுங்கள்.

இந்த வருஷத்துக்கு? பன்னிரண்டு பேர் வேண்டாம். இன்னும் கொஞ்சம் சேர்த்து, நாலு பேரை ஒழுங்காக அனுப்புங்கள். மற்ற எட்டுப் பேருக்கு ஊரிலேயே விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துங்கள்.

கேள்வி: காணிக்கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல, பிள்ளைகளைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்திப் படத்தோடு பேனர் வைக்கலாம் என்கிறார் எங்கள் செயலாளர். சரிதானே?
வாசகர், தாராபுரம்

பதில்: கூடாது. அந்தப் பையன் திங்கட்கிழமை அதே தெருவில்தான் கிரிக்கெட் ஆடப் போகிறான். வலது கை, இடது கை என்று வருஷம் முழுக்கப் பிரசங்கம் கேட்கிற செயலாளருக்கு நான் வேறு என்ன சொல்ல? வரவு செலவை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், பைசா சுத்தமாக.

கேள்வி: ஏழைப் பிள்ளைக்கு மலைமேல் முகாம் எதற்கு? அந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்கித் தரலாமே?
வாசகர், திருப்பூர்

பதில்: நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டேன். நோட்டும் புத்தகமும் சீருடையும் அரசுப் பள்ளியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். தறிக்குடோன் ஓரம் வளர்ந்த பிள்ளைகளுக்கு முகாமில் முதல் இரவு தூக்கம் வராது. காரணம் குளிர் என்று நினைத்தேன். "டீச்சர், சத்தமே இல்லையே" என்றாள் ஒருத்தி. பிறந்ததிலிருந்து அவள் தறிச் சத்தம் இல்லாமல் தூங்கியதில்லை.

1877-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வில்லர்டு பார்சன்ஸ் என்ற போதகர், நியூயார்க் நெரிசல் குடியிருப்புப் பிள்ளைகளைக் கோடையில் சில நாள் தங்க வைக்கும்படி தம் சபையாரிடம் கேட்டார். அவர் கேட்டது வீட்டில் ஒரு இடம். பணம் திரட்டும் நிதியாக அது வளர்ந்தது பிறகுதான். தோட்டத்துச் சாளையில் தாராளமாக இடம் வைத்திருக்கும் நம் ஆட்களும் யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் சபையில் வளர்ந்து இப்போது கனடா குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவர், முகாமுக்கு ஒரு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். சபைக் கணக்கு எண்ணைக் கொடுக்கலாமா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசரப்பட வேண்டாம். கோபியில் பிறந்தவராக இருந்தாலும் குடியுரிமை மாறிவிட்டால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லியில் ஸ்டேட் பாங்கின் தலைமைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில்தான் முதலில் வரவாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் இந்தத் தடை இல்லை. எதற்கும் ஆடிட்டரைக் கேளுங்கள். பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு வரவழைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: சபையைச் சேராத பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வருகிறேன் என்கிறது. சேர்க்கலாமா?
வாசகர், அந்தியூர்

பதில்: பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுச் சேர்க்கலாம். காலையும் மாலையும் ஜெபமும் வேதபாடமும் இருக்கும் என்பதைச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். விளையாட்டு முகாம் என்று பூசி மெழுகுவது பொய்.

எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா, "பேரன் அங்கே திருநீறு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். தாராளமாக என்றேன். "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போனது. "சும்மா அனுப்ப மாட்டேன்" என்று சுருக்குப் பையை அவிழ்த்து, பத்து ரூபாய்த் தாள் ஐந்தை எண்ணி வைத்தார். ஐம்பது ரூபாய்க்கு ரசீது எழுதிக் கொடுத்தேன். எழுத்துத் தெரியாதவர். தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நாலாக மடித்து அதே பைக்குள் வைத்து முடிந்துகொண்டார்.