"கியர் ஆயில் நேத்துதான் மாத்தினேன்" என்கிறார், நம்பலாமா?

கேள்வி: மணலி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்க, 2011 மாடல் பஸ் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டப்போகிறேன். எஞ்சின் ஆயிலைப் பார்க்க அளவுக் கம்பி இருக்கிறது, கியர் பாக்ஸில் அப்படி எதையும் காணோம். விற்கிறவர், "நேத்துதான் புது கியர் ஆயில் ஊத்தினேன், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், கொடுங்கையூர்

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். எனக்கு அதுதான் கவலை. பழைய ஆயிலில் கியர் பாக்ஸின் ஜாதகமே இருக்கும். விற்பதற்கு முந்தின நாள் அதைக் கொட்டிவிட்டால் உங்களுக்குப் படிக்க என்ன மிச்சம்? "பழைய ஆயிலை என்ன செய்தீர்கள், எந்த ஷெட்டில் மாற்றினீர்கள், பில் இருக்கிறதா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதில் தடுமாறினால் அட்வான்ஸ் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அளவுக் கம்பி இல்லாதது குறையில்லை. பெரும்பாலான மேனுவல் கியர் பாக்ஸ்களுக்கு அது கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில், பாதி உயரத்தை ஒட்டி ஒரு பிளக் இருக்கும். ஆயில் ஊற்றுவதும் அதன் வழியாகத்தான், லெவல் பார்ப்பதும் அங்கேதான். அடியில் இருக்கும் இன்னொன்று ட்ரெயின் பிளக்.

வண்டியைத் தெருவோரம் நிறுத்திப் பார்க்காதீர்கள். ரோடு ஓரத்துக்குச் சரிந்திருக்கும், லெவல் பொய் சொல்லும். அடியில் இறங்கி நின்று பார்க்கப் பள்ளம் (பிட்) இருக்கிற ஷெட்டுக்குக் கொண்டு போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எஞ்சினை நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டால் மேலே தெறித்த ஆயில் கீழே இறங்கிவிடும். பிளக்கைச் சுற்றி அப்பியிருக்கும் மண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகு திறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் உள்ளேதான் போகும்.

முதலில் திறக்க வேண்டியது பக்கவாட்டில் இருக்கும் மேல் பிளக். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். தண்டையார்பேட்டையில் ஒரு ஷெட்டில் பையன் அவசரப்பட்டு அடி பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டான். மேல் பிளக்கோ துருப்பிடித்து, ஸ்பேனர் போட்டதும் முனை மழுங்கிப்போனது. ஊற்ற வழியில்லாமல் என் வேன் இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

மேல் பிளக் கழன்றதும் சுண்டுவிரலை உள்ளே விட்டு மடக்குங்கள். ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நின்றால் சரி. கொடகொடவென்று வெளியே கொட்டினால் யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். அது நுரைத்து, சூடேறி, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு கிளட்ச் பிளேட் பக்கம் கசியும். விரலுக்கு எட்டவே இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. கியர் பாக்ஸில் கீழிருக்கும் பற்கள் ஆயிலை வாரியிறைத்துத்தான் மேலே உள்ள பேரிங்குகள் நனைகின்றன. லெவல் இறங்கினால் முதலில் காய்வது அவைதான்.

இனி விரலில் ஒட்டியதைப் பாருங்கள். வெளிச்சத்தில், ஒரு வெள்ளைக் காகிதத்தில் தடவிப் பாருங்கள். ஓடின ஆயில் கரும்பழுப்பாக இருப்பது சகஜம். தீய்ந்த வாடை வந்தால் பெட்டி நன்றாகச் சூடேறியிருக்கிறது. பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நம் பக்கத்தில் இதை அலட்சியப்படுத்த முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனை! கியர் பாக்ஸின் மேலே காற்றுப் போகச் சின்னதாக ஒரு பிரீதர் இருக்கும். தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் உள்ளே இறங்கிவிடும்.

காகிதத்தில் தங்கப்பொடி போல மின்னினால் அது, கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. கொஞ்சமாகத் தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், நிறைய இருந்தால் விலகிவிடுவதே நல்லது. ட்ரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். கண் மை மாதிரி சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, எல்லாப் பெட்டியிலும் இருக்கும். நகத்தில் குத்துகிற சில்லு கிடைத்தால் அது பல்லிலிருந்து வந்தது.

உங்கள் வண்டியில் இருப்பதோ புது ஆயில், இந்தச் சாட்சியெல்லாம் போயிற்று. எனவே ஓட்டிப் பார்த்துத்தான் தீர வேண்டும். நியூட்ரலில் கிளட்சை விட்டபடி நிற்கும்போது கேட்கிற உறுமல், கிளட்சை மிதித்ததும் அடங்கினால் முன் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மூன்றாவது கியரில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுங்கள். லிவர் தானாக நியூட்ரலுக்குக் கழன்று வந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் வரிசைக்குப் பின்னால் அரை மணி நேரம் முதல், இரண்டு என்று மாற்றி மாற்றி ஊர்ந்து பாருங்கள், இதைவிட நல்ல சோதனை கிடையாது. பெட்டி சூடான பிறகுதான் கடமுடா தெரிய வரும்.

"எஃப்சி (தகுதிச் சான்று) இருக்கே" என்றும் விற்கிறவர் சொல்வார். எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் வருஷாவருஷம் எஃப்சி எடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். கியர் பாக்ஸைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: வேனுக்கு கியர் ஆயில் வாங்கப் போனால் கடைக்காரர், "ஜிஎல்-4 பழசு, ஜிஎல்-5 தான் ஒசத்தி" என்கிறார். மெக்கானிக்கோ, "சத்தம் வருது, 140 ஊத்து" என்கிறார். எதை வாங்குவது?
- ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் தள்ளி வைத்துவிட்டு, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். ஜிஎல் எண் கியர் ஆயிலின் ரகத்தைச் சொல்வது, மார்க் ஷீட் இல்லை, பெரிசாக இருந்தால் ஒசத்தி என்பதற்கு. ஜிஎல்-5 பின் ஆக்சிலின் கிரவுன் பல்லுக்கு ஏற்றது. கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து அதில் அதிகம். பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள பழைய பெட்டியில் அது ரிங்கை அரிக்கக்கூடும், வழுக்கலும் கூடி கியர் முரண்டு பிடிக்கும். ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் ஜிஎல்-4 தான். சில பெட்டிகளுக்குக் கம்பெனியே எஞ்சின் ஆயிலைத்தான் சொல்லியிருக்கும், அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். எஞ்சினுக்கும் கியருக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயிலில் 90 என்பது கெட்டித்தன்மையில் எஞ்சின் ஆயிலின் 40, 50-க்குத்தான் சமம்.

140 என்பது 90-ஐவிடக் கெட்டியான ஆயில். அதை ஊற்றினால் சத்தம் அடங்கும், உண்மைதான். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும், காலையில் கியர் விழ அடம்பிடிக்கும். விற்கப்போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது. பீப்பாயிலிருந்து கேனில் பிடித்துத் தரும் லூஸ் ஆயிலும் வேண்டாம். சீல் உடையாத டப்பாவில் எம்ஆர்பி, அளவு, தயாரித்த மாதம், வருஷம் இருக்கிறதா என்று பார்த்து, கிரேடைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: ஷெட்டில் கியர் ஆயில் மாற்றினேன். எட்டு லிட்டருக்குப் பில் போட்டார்கள். புத்தகத்தில் பார்த்தால் என் பஸ்ஸுக்கு அதில் பாதிதான். தொழிலுக்கு ஓட்டுகிற வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று மிரட்டுகிறார்கள்.
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: பாதி சரி, பாதி மிரட்டல். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவரைச் சேர்ப்பதில்லை. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வைத்திருப்பவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. ஒரே பஸ்ஸை வைத்து நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள் என்றால் வாதாட இடம் இருக்கிறது. பத்து பஸ் வைத்திருக்கிறீர்கள் என்றால் கஷ்டம்.

முதலில் பின் ஆக்சிலுக்கும் சேர்த்து ஊற்றினார்களா என்று கேளுங்கள். அப்படியானால் கணக்கு சரியாகவே இருக்கலாம். இல்லையென்றால் மீதி ஆயிலையோ பணத்தையோ கேட்டு எழுத்தில் கொடுங்கள், பில்லையும் புத்தகத்தில் அளவு போட்டிருக்கும் பக்கத்தையும் நகலெடுத்து வையுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அடுத்த முறை டப்பாவை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், காலி டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.