உகாண்டா செல்லும் செவிலியருக்கு

கேள்வி: மகப்பேறு பிரிவில் செவிலியராகப் பணியாற்றும் எனக்கு, உகாண்டாவின் சிற்றூர் ஒன்றிலுள்ள மிஷன் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்துள்ளது. எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்?
– வாசகி, இராயபுரம்

பதில்: முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டுக்கொண்டால்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் இறங்கியதும் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். கிண்டி கிங் நிலையம் வரை செல்ல வேண்டியதில்லை; உங்களுக்கு அருகிலுள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அந்நாட்டுச் செவிலியர் மன்றப் பதிவை யார் பெற்றுத் தருவார்கள் என்பதை எழுத்து மூலமாகவே கேட்டு வாங்குங்கள்.

தலைநகர் கம்பாலாவில் ஆங்கிலேய மிஷன் மருத்துவர் ஆல்பர்ட் குக் 1897இல் மெங்கோ மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய மனைவி கேத்ரின் அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளித்தார். ஆகவே மகப்பேறு அனுபவத்துக்கு அங்கு மதிப்புண்டு. ஆனால் பிரசவ அறையோடு உங்கள் பணி முடிந்துவிடாது. பால்சிபாரம் என்னும் கடுமையான வகை மலேரியா மூளையைத் தாக்கி, வலிப்போடு தூக்கிவரப்படும் குழந்தைக்கு ஆர்ட்டிசுனேட் ஊசியைத் தாமதமின்றிச் செலுத்துவதும், இரத்தச்சோகை முற்றியிருந்தால் இரத்தத்துக்கு ஏற்பாடு செய்வதும், மின்சாரம் நின்ற இரவில் அவற்றைச் செய்து முடிப்பதும் உங்கள் பொறுப்பாகலாம். நோயாளிக்குச் சமைப்பவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. நம் அரசு மருத்துவமனை வாசலை அறிந்த உங்களுக்கு அது வியப்பளிக்காது. மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.